எட்டாவது மன்னிப்பு

மின்னஞ்சலில் இருந்ததே இரண்டு சொற்கள்தான். "மாதிரிகள் கிடைத்தன."

அதை அவர் காலையிலிருந்து பதினோரு முறை படித்துவிட்டார். கணினியில் நான்கு முறை, கைப்பேசியில் நான்கு முறை, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை. வேறு யாராவது இதைப் படித்திருந்தால், சரி, அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று டீ குடிக்க எழுந்து போயிருப்பார். ஆனால் இவர் சர்வதேசத் தகவல் தொடர்பு மேலாண்மையில் முதுகலை படிப்பவர். இரண்டாம் ஆண்டு, கடைசிப் பருவம். அவ்வளவு சுலபமாக டீ குடிக்கப் போய்விட முடியாது.

கதவுக் கைப்பிடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக "சரக்கு அனுப்பியுள்ளோம், பெற்றுக்கொண்டு தெரிவிக்கவும்" என்று எழுதிவந்தார். வாங்கியவர்களும் பெற்றுக்கொண்டு தெரிவித்துவந்தார்கள். ஒரு வம்பும் இல்லை. நாற்பத்திரண்டாவது வயதில் ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்து, இத்தனை வருஷம் தான் செய்தது தகவல் தொடர்பே இல்லை, வெறும் கடிதம் எழுதியதுதான் என்று தெரிந்துகொண்டு படிப்பில் சேர்ந்தார். அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவர் பெயர் 'முதுகலை'. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வகுப்பு சனி, ஞாயிறு காலைகளில் கணினித் திரையில் நடக்கும். பதினான்கு நாடுகளிலிருந்து நாற்பது மாணவர்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. திரையில் தெரிந்தது நாற்பது கறுப்புக் கட்டங்கள். யாரும் முகம் காட்டுவதில்லை, பெயரும் போடுவதில்லை, ஆளுக்கு ஓர் எண். நம் முதுகலை முப்பத்தேழு. மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும் என்று இரண்டு வருஷம் சேர்ந்து படித்தவர்களில் ஒருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியாது.

கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்புக்குச் சண்டை வரக் கூடாதென்று பேராசிரியர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். யாருக்கோ வதந்தி வந்தது, யாருக்கோ மௌனம், யாருக்கோ வாழ்த்துச் செய்தி. முப்பத்தேழுக்கு மன்னிப்பு. சொந்த வேலையிடத்தில் உண்மையாக நடந்த விஷயமாக இருக்க வேண்டும், எதிர்த்தரப்பிடம் இது ஆய்வு என்று மூச்சு விடக் கூடாது, நூற்றிருபது பக்கத்துக்குக் குறையக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் இடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தப்பு நடக்க வேண்டும். இரண்டு மாதமாக அவர் ஒரு தப்புக்காகக் காத்திருந்தார். தொழிற்சாலையோ வேண்டுமென்றே செய்வதுபோல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. எண்ணிக்கை சரி, நிறம் சரி, தேதி சரி. மனிதர் நொந்துபோயிருந்தார். அந்த நேரத்தில்தான் இந்த இரண்டு சொல் வந்து சேர்ந்தது.

அனுப்பியது கடல் தாண்டியிருக்கும் ஒரு கட்டுமானக் கம்பெனி. வருஷத்துக்கு ஒரு முறை நாற்பதாயிரம் கைப்பிடி வாங்கும். முன்னே அங்கே கொள்முதல் பார்த்தவர் மாதிரிகளைப் பார்த்ததும் போனில் கூப்பிட்டு, "நல்லா இருக்கு, அனுப்புங்க" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். அவர் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது புதிதாக யாரோ. கடிதத்தின் அடியில் 'கொள்முதல் பிரிவு' என்று மட்டும் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் அச்செடுத்த தாளைக் காட்டினார். மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை.

"ரெண்டே வார்த்தை. வணக்கம் இல்ல, நன்றி இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிற?"

"கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம்."

"மேலோட்டமா பாக்கற. சுருக்கமான பதிலுக்குப் பின்னால ஆழமான மனவருத்தம் இருக்கும். நாலாவது அத்தியாயம்."

"சந்தேகமா இருந்தா போன் போட்டுக் கேளுங்களேன். நான் ஒரு நாளைக்கு அறுபது போன் பேசறேன். எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டா சொல்லிடறாங்க."

படிக்காதவர்களைப் பார்த்து வரும் இரக்கம் அவருக்கு மனைவியைப் பார்த்து வந்தது. போனில் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் விடை கிடைத்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு நிமிஷத்தில் விடை கிடைத்துவிட்டால் நூற்றிருபது பக்கத்துக்கு எங்கே போவது என்பதும் தெரியும்.

மறுநாள் முதல் கடிதம், கம்பெனித் தாளில் அச்சாகி, படமாக மின்னஞ்சலில் போயிற்று. "எங்கள் மாதிரிகள் ஏதேனும் விதத்தில் தங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால், அதற்காக மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறோம்." கைப்பிடி யார் மனத்தையாவது எப்படிப் புண்படுத்தும் என்று அவர் யோசிக்கவில்லை. பாடப் புத்தகத்தில் வாசகம் அப்படித்தான் இருந்தது.

ஐந்து நாள் ஆயிற்று. பதில் இல்லை.

முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா ஆரம்பித்த தொழிற்சாலையை அவர் தனியாளாக நடத்திவந்தார். முதுகலை பட்டத்தோடு வந்தால் ஏற்றுமதி மேலாளர் பதவியும் கண்ணாடி அறையும் அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கண்ணாடி அறையை அதுவரை பழைய நாற்காலிகள் அனுபவித்துக்கொண்டிருந்தன.

"ஆர்டர் உறுதியாச்சா சார்? வழக்கம்போல உற்பத்தியை ஆரம்பிச்சுட்டேன். பெட்டி வைக்க இடம் இல்ல."

"கொஞ்சம் உணர்வுபூர்வமான கட்டத்தில இருக்கு மேடம். நான் கையாண்டுக்கிட்டிருக்கேன்."

"கையாளுங்க. மாசக் கடைசிக்குள்ள உறுதியாகலைன்னா பேக்கிங்ல பாதிப் பேரை நிறுத்த வேண்டி வரும். அவங்களுக்கு முன்னாடி உங்களுக்குப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும்."

அவர் முதலாளியம்மா தன் படிப்பில் காட்டும் அக்கறையை நினைத்து நெகிழ்ந்துபோய்க் கதவு வரை வந்தார். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. இரண்டு மகள்கள், ஒரு வீட்டுக் கடன், நாற்பத்து நான்கு வயது. இந்த வயதில் வேறெங்கே போய் "பெற்றுக்கொண்டு தெரிவிக்கவும்" என்று எழுதுவது?

பயந்தவன் புத்தகத்தைப் புரட்டக் கூடாது. அவர் புரட்டினார். பொதுவாக மன்னிப்புக் கேட்பது எதிராளியை இன்னும் எரிச்சலாக்கும், குறிப்பாகக் கேட்க வேண்டும் என்று ஐந்தாவது அத்தியாயம் சொன்னது. இரண்டாவது கடிதத்தில் குறிப்பாகக் கேட்டார். கைப்பிடியோடு அனுப்பிய ஸ்க்ரூக்களின் நிறம் ஒரு சாயல் மங்கலாக இருந்ததற்கு வருந்துவதாக எழுதினார். ஸ்க்ரூக்களின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. ஏதாவது ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருந்ததால் குறிப்பிட்டார்.

பதில் இல்லை.

மூன்றாவது கடிதத்துக்கு முன் அவர் கடிதத்தாளையே சந்தேகித்தார். கம்பெனி முத்திரை சிவப்பு. சில நாடுகளில் சிவப்பு கோபத்தின் நிறமாம். அவசரமாக நீல முத்திரையோடு இரண்டாயிரம் தாள் அச்சடிக்கச் சொல்லி, அந்த நீலத் தாளில், இதுநாள் வரை சிவப்பில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார். பதினெட்டு வருஷமாக அதே சிவப்பில்தான் அந்தக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்கும் பதில் இல்லை. இதற்குள் பெட்டிகள் கிடங்கை நிரப்பிவிட்டு நடைபாதைக்கு வந்துவிட்டன. சாப்பாட்டு அறைக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில் நடந்து போனார்கள்.

சனிக்கிழமை வகுப்பில் முப்பத்தேழு தன் நிலைமையைக் கொஞ்சம் மறைத்துக் கொஞ்சம் சொன்னார். பேராசிரியர் மகிழ்ந்துபோனார். எதிர்த்தரப்பு பேசாமல் இருப்பது பேசுவதைவிடப் பெரிய செய்தி என்றார். தனி ஆள் மன்னிப்பு எடுபடாதபோது கூட்டு மன்னிப்பு எடுபடும் என்று யோசனையும் சொன்னார். நாற்பது கட்டங்களில் யாரோ ஒருவர் கைதட்டும் பொம்மைப் படம் ஒன்றைப் போட்டார். அந்த வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

திங்கட்கிழமை ஒரு பெரிய அட்டையோடு பேக்கிங் பிரிவுக்குப் போனார். முப்பத்தொரு பேர். வாடிக்கையாளருக்கு நல்லெண்ண அட்டை என்று சொல்லி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அது நான்காவது மன்னிப்பு. அதன் நகலை அச்சு இயந்திரத்திலேயே மறந்து விட்டுவிட்டு வந்தது அவருடைய சொந்தப் பங்களிப்பு. அது எந்த அத்தியாயத்திலும் இல்லை.

மத்தியானம் பேக்கிங் அக்கா நகலோடு வந்து நின்றார். அந்தப் பிரிவின் தலைவி. வயதில் சின்னவர்தான் என்றாலும் முதலாளியம்மா உட்பட எல்லாருக்கும் அக்கா.

"'எங்கள் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு' அப்படின்னு போட்டிருக்கு. யாரோட கவனக்குறைவு சார்?"

"அது ஒரு உத்தி அக்கா. நிஜமா தப்பு நடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல."

"தப்பு நடக்கலேன்னா எதுக்கு முப்பத்தொரு பேரு கையெழுத்து? நாளைக்கு ஆளைக் குறைக்கிறப்போ இந்த அட்டையைத்தானே எடுத்துக் காட்டுவாங்க?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. பேக்கிங் பிரிவு அன்று மத்தியானத்துக்கு மேல் ஒரு பெட்டியும் ஒட்டவில்லை. முப்பத்தொரு பேரும் ஒட்டாத பெட்டிகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் ஒரு சுற்றறிக்கை எழுதினார். சுற்றறிக்கை உள்விவகாரம் என்பதால் ஆய்வுக் கணக்கில் சேராது. சேர்த்திருந்தால் அதுவும் மன்னிப்புத்தான்.

வேலை மறுபடி ஆரம்பித்தது. ஆனால் அந்தக் கலாட்டாவில் பழைய கடிதங்களின் நகல்களும் வெளியே வந்துவிட்டன. ஸ்க்ரூ விஷயம் தரச் சோதனைக்காரர் காதுக்குப் போயிற்று. மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மங்கலாக வெளியே விட்டதில்லை.

அவர் ஒன்றும் கத்தவில்லை. மாதிரிப் பெட்டியில் மிச்சமிருந்த ஸ்க்ரூக்களை முதுகலையின் மேஜையில் கொட்டி, பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்து, மங்கலானதைப் பொறுக்கி எடுக்கச் சொன்னார். முதுகலை ஒரு மணி நேரம் பொறுக்கினார். ஒன்றும் அகப்படவில்லை. தரச் சோதனைக்காரர் நேராக முதலாளியம்மா அறைக்குப் போய், தர முத்திரையை மேஜையில் வைத்துவிட்டு, அந்தக் கடிதம் திரும்பி வரும் வரை இதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த முத்திரை விழாமல் ஒரு பெட்டியும் தொழிற்சாலையை விட்டு வெளியேற முடியாது.

"என்ன சார் நடக்குது?" என்றார் முதலாளியம்மா.

"கடைசிக் கட்டம் மேடம். இனிமே தெளிவு பிறக்கும்."

தெளிவு பிறப்பதற்காக ஐந்தாவது கடிதம் போயிற்று. ஸ்க்ரூவில் குறையிருப்பதாகச் சொன்னது தவறு, அவ்வாறு சொன்னதற்கு மன்னிக்கவும். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தார். முன்பு பொய் சொன்னோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. உடனே ஆறாவது கடிதம். முந்தைய கடிதங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்து குழப்பம் ஏற்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். ஒரே நாளில் இரண்டு மன்னிப்புக் கேட்டது வகுப்பிலேயே சாதனையாக இருக்கும் என்று அந்த நிலைமையிலும் அவர் நினைத்துக்கொண்டார்.

பெட்டிகள் சாப்பாட்டு அறையைப் பிடித்துக்கொண்டன. ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்று வீட்டில் மனைவி சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆறு கடிதம் போட்டாச்சு. ஒரு போன் போட்டீங்களா?"

"நீ புரிஞ்சுக்க மாட்ட."

"புரியுது. அவங்க ஓகேன்னு சொல்லிட்டா உங்களுக்கு எழுத ஒண்ணும் இருக்காது. அதானே?"

அவர் பதில் சொல்லவில்லை. மௌனமும் ஒரு செய்தி என்றாரே பேராசிரியர். மனைவிக்கு அந்தச் செய்தி நன்றாகவே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் முதலாளியம்மாவே பொறுமையிழந்து போனை எடுத்தார். கடல் தாண்டி மணி அடித்தது. அங்கிருந்த வரவேற்பாளர் மரியாதையாகப் பேசினார். இந்த ஒரு மாதம் மட்டும் கொள்முதல் பிரிவுக்கு யாருடைய போனையும் கொடுக்கக் கூடாதென்று அந்தப் பிரிவே சொல்லியிருப்பதாகவும், காரணம் தனக்குத் தெரியாதென்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதலாளியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. முதுகலைக்கும் உள்ளே நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கத்துக்கு அடியில், பார்த்தீர்களா, நான் சொன்னேனே, எவ்வளவு கோபம் பாருங்கள் என்று ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. படிப்பு ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று கணினித் திரையில் ஒரு சந்திப்புக்கு அழைப்பு அனுப்பினார். அதற்கு மட்டும் சம்மதம் என்று ஒரு பச்சைக் குறி வந்தது. தொழிற்சாலையே பரபரப்பானது. முதலாளியம்மா, பேக்கிங் அக்கா, தரச் சோதனைக்காரர் மூன்று பேரையும் கணினி முன் வரிசையாக உட்கார வைத்தார். வருத்தப்படுகிற இடத்தில் முதலில் பேசுவது அநாகரிகம், அவர்கள் பேசும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, இது ஏழாவது அத்தியாயம் என்று கண்டித்துச் சொன்னார்.

திரையில் ஒரு கறுப்புக் கட்டம் தோன்றியது. 'கொள்முதல் பிரிவு' என்று எழுதியிருந்தது. இவர்கள் நாலு பேரும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்தார்கள்.

அவர்கள் பேசவில்லை. இவர்களும் பேசவில்லை.

நான்கு நிமிஷம் போயிற்று. பேக்கிங் அக்கா கொட்டாவியை உள்ளேயே விழுங்கினார். தரச் சோதனைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டி, பளபளப்பு தெரியும்படி மெதுவாகத் திருப்பினார். எட்டாவது நிமிஷத்தில் முதலாளியம்மா ஒரு துண்டுத் தாளில் 'லைன் கட்டாயிடுச்சா?' என்று எழுதித் தள்ளினார். முதுகலை 'இல்லை, நன்றாகப் போகிறது' என்று எழுதித் திருப்பித் தள்ளினார். பதினோராவது நிமிஷம் திரையில் எழுத்து விழுந்தது. "நன்றி. மிகவும் பயனுள்ள சந்திப்பு." கட்டம் மறைந்துவிட்டது.

"இதுக்குத்தான் பட்டம் தர்றாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு முதலாளியம்மா எழுந்து போனார்.

ஏழாவது கடிதம் அன்று மாலையே போயிற்று. சந்திப்பில் தங்கள் தரப்பு காத்த மௌனம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்று. இப்போது பெட்டிகளுக்கு வேறு இடமே இல்லாமல் அவருடைய அறைக்கே வந்துவிட்டன. மூன்று பக்கமும் பெட்டிச் சுவர். நாலாவது பக்கம் ஜன்னல். காலையில் உள்ளே போனால் யாராவது வந்து இரண்டு பெட்டியை நகர்த்தினால்தான் வெளியே வர முடியும்.

மாதக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. வியாழக்கிழமை பேக்கிங் அக்கா இரண்டு பெட்டியை நகர்த்தி உள்ளே வந்தார். கோபமாக இருப்பார் என்று இவர் எதிர்பார்த்தார். கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சார், உத்தி எல்லாம் எனக்குத் தெரியாது. திங்கக்கிழமையிலேர்ந்து நாங்க வரணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க. பதினாலு பேரு வேற எங்கயாவது கேக்கட்டுமான்னு கேக்கறாங்க. இன்னிக்கே போய்க் கேட்டாத்தான் உண்டு."

அவர் வாயைத் திறந்தார். நாலாவது அத்தியாயம் வந்தது, ஏழாவது அத்தியாயம் வந்தது, பதில் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பெட்டிகளைப் பழையபடி நகர்த்திவைத்துவிட்டுப் போனார். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவருக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு தப்பு வேண்டுமென்று தவமிருந்தோமே, கிடைத்த தப்பு தான்தான் என்று தோன்றியது.

பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எட்டாவது கடிதத்தை எழுதினார். புத்தகத்தைத் திறக்கவில்லை. "இங்கே முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். சரக்கு தயாராக இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை தொந்தரவுக்கும் மன்னியுங்கள்." அனுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. அட்டைப் பெட்டித் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறு வகுப்புக்கு அவர் போகவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. "ஆர்டர் உறுதி. நாற்பதாயிரம். உடனே அனுப்பவும். மாதிரிகள் மிக நன்றாக இருந்தன."

தொழிற்சாலையில் அன்று யாரும் வேலை செய்த மாதிரி தெரியவில்லை, ஆனாலும் மாலைக்குள் நடைபாதை காலியாகிவிட்டது. தரச் சோதனைக்காரர் முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு முறை குத்தினார். பேக்கிங் அக்கா இவருடைய அறையிலிருந்து கடைசிப் பெட்டியை எடுக்கும்போது, "நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா கண்ணாடி அறையைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதைக் காட்டிவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார்.

மனிதர் உண்மையாகவே உடைந்து எழுதிய ஒரு கடிதம் காரியத்தைச் சாதித்துவிட்டது. அதை அப்படியே விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அதற்கு 'உணர்வு நேர்மை உத்தி' என்று பெயர் வைத்துவிட்டார். புதன்கிழமைக்குள் முதல் ஏழு கடிதங்களும் எட்டாவதுக்குத் தளம் அமைத்துக் கொடுத்த திட்டமிட்ட படிநிலைகளாக மாறின. வியாழக்கிழமை நூற்றிருபத்தெட்டு பக்கத்தில் ஆய்வேடு தயார். தலைப்பு: 'மன்னிப்பின் வெற்றி: எட்டுக் கடிதங்களில் ஓர் எதிர்த்தரப்பை வழிக்குக் கொண்டுவருதல்'. எட்டுக் கடிதங்களும் பின்னிணைப்பாக வரிசையாக இருந்தன. முதல் பக்கத்தில் மனைவியின் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார்.

மனைவி அதைப் படித்துப் பார்த்தாள்.

"பொறுமையா இருந்தேன்னு போட்டிருக்கீங்க. போன் போடச் சொன்னேன்னு எங்கயும் போடலியே?"

"அது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத தரவு" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை, துவைத்துத் தேய்த்த சட்டையில் பல்கலைக்கழகத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனார். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அந்த அலுவலகம் ஒடுங்கியிருந்தது. ஒரு கவுன்ட்டர், ஒரு கணினி, அதன் பின்னால் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு ஒரு பெண் எழுத்தர். ஆய்வேட்டை வாங்கிப் பக்கத்தை எண்ணி, முத்திரை குத்தி, ரசீது கொடுப்பது அவர் வேலை. அதற்கு முன் கோப்பைக் கணினியில் போட்டு, வேறு யாருடையதிலிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினான்கு நாட்டு ஆய்வேடுகளும் அந்தக் கணினியில் இருந்தன.

முதுகலை காத்திருந்தார். கண்ணாடி அறையில் மேஜையை ஜன்னல் பக்கம் போடுவதா கதவுப் பக்கம் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எழுத்தர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"சார், முன்பக்கம் எல்லாம் சரியா இருக்கு. பின்னிணைப்பு முழுக்க சிவப்பா காட்டுது."

"சிவப்புன்னா?"

"காப்பி."

அவருக்குச் சுருக்கென்றது. அந்தக் கடிதங்கள் தான் எழுதியவை, தன் கம்பெனித் தாளில், தன் கையெழுத்தோடு போனவை, மூன்றாவது கடிதத்திலிருந்து முத்திரைகூட நீலம் என்று விளக்கினார். எழுத்தர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். சிவப்பாகக் காட்டுவது ஒன்றிரண்டு இல்லை, எட்டுமே என்றார்.

"எந்தத் திருட்டுப் பயல்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் முதுகலை. "நான் சும்மா விட மாட்டேன்."

எழுத்தர் திரையை அவர் பக்கம் திருப்பி, ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இந்தத் திங்கக்கிழமை காலைல சமர்ப்பிச்சது சார், இருபத்திரண்டாம் எண் மாணவி, கடல் தாண்டி ஒரு கட்டுமானக் கம்பெனில கொள்முதல் பாக்கறாங்களாம், சீட்டுல வந்தது மௌனம், தலைப்பு வந்து, 'பதிலே போடாவிட்டால் ஒரு மனிதர் எத்தனை முறை மன்னிப்புக் கேட்பார்?'"